அடுப்புக் கரி

பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டால், இவளுக்கா பரிசு கொடுத்தார்கள் என்று நீங்களே கேட்பீர்கள். தலைப்பு, பேச்சுரிமை. தமிழ் டீச்சர் எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தை, அர்த்தம் பாதி புரியாமல், மூச்சு விடாமல் ஒப்பித்தேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அப்போது ஏழாம் வகுப்பு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா லாரிக்கு லோடு ஏற்றப் போவார். அம்மாவுக்குப் பஞ்சாயத்தில் தெருக்கூட்டும் வேலை. பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, விடியும் முன்னே துடைப்பத்தோடு கிளம்பிவிடுவாள். ஊருக்குக் கிழக்கே இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தின் புதுக் கொடிக்கம்பம் அவர்கள் உபயம். ஆகஸ்ட் பதினைந்துக்கு மிட்டாயும் அவர்கள் உபயம்தான்.

அந்த ஆகஸ்ட் பதினைந்தில் பள்ளி மைதானத்தில் கொடியேற்றி, பரிசு வாங்கிய என் பேச்சும் முடிந்த பிறகு, அங்கேயே கிராம சபை. வருஷா வருஷம் நடப்பதுதான். பஞ்சாயத்துத் தலைவர், "யாராச்சும் ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லுங்கப்பா" என்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மிட்டாயை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் அம்மா எழுந்து நின்றாள்.

"தெனம் மூணு தபா கூட்டறேன் தலைவரே. மூணு தபாவும் கரி. காயப்போட்ட துணில கரி, சோத்துல கரி, புள்ளைங்க மூக்கச் சிந்துனா கரி. எங்கேந்து வருதுன்னு கூட்டறவளுக்குத் தெரியாதா? கம்பெனி பொகக்கூண்டுலேந்து வருது. நோட்டுல எய்துங்க."

கூட்டத்தில் நாலு பேர் கை தட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், "எய்துங்க, எய்துங்க" என்று குரல் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் எழுதினார்கள். அடுத்த திங்கட்கிழமை விசாரிக்க அதிகாரி ஒருவர் வருகிறார் என்று சேதியும் வந்துவிட்டது. அவர் முன்னால் அம்மா இதையே இன்னொரு தரம் சொல்லிவிட்டால் கம்பெனி புகைக்கு ஒரு வழி பண்ணித்தான் ஆகவேண்டும் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மண்ணாங்கட்டி. எனக்கு மானம் போயிற்று. சற்று முன்புதான் அதே மைக்கில் நான் சுத்தத் தமிழில் முழங்கியிருந்தேன். அதே இடத்தில் என் அம்மா, அழுக்குப் பச்சைக் கோட்டோடு, மூக்கு சிந்துவதைப் பற்றிப் பேசுகிறாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் தலைவரின் மகள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு அம்மாவின் பேச்சு மனப்பாடம். "நோட்டுல எய்துங்க" என்று இடுப்பில் கை வைத்துச் சொல்லிக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். வாய் கூசாமல் சிரித்தேன்.

மறுநாள் தெருவெல்லாம் காகிதக் கொடி. நேற்று ஊரார் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தவை இன்று சாக்கடையோரம் கிடந்தன. மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் அள்ளிப் போடச் சொன்னாராம். அம்மா போடவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கி, ஒரு கோணிப்பையில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டீக்கடைக் கூரையில் கிழிந்து தொங்கிய துணிக்கொடி ஒன்றும் அதில் இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கமும் மதில். ஒருவர் கண்ணிலும் படாது. அங்கே ஒரு மூலையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மூன்று செங்கல் வைத்தாள். சேறு ஒட்டிய கொடிகளை முந்தானையால் துடைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். தீப்பெட்டி எடுத்து வரச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டாள்.

"குப்ப மேட்டுல போட்டா பன்னி கிளறும்டி. காலுல மிதிப்பானுங்க. சாமி படம் கிழிஞ்சா தெருவுலயா போடறோம்? நீயும் ஒரு கும்புடு போட்டுக்கோ."

நான் கும்பிடவில்லை. பத்து விரலும் கரியேறிய கைகளால் அவள் ஒவ்வொரு கொடியாக நெருப்பில் வைத்தாள். முழுசும் சாம்பலாகும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தச் சாம்பலை முருங்கை அடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அதற்கடுத்த நாள் மதிய இடைவேளையில் தலைவரின் மகள் மறுபடி இடுப்பில் கை வைத்தாள். அவள் வாயை மூட வேண்டும், அம்மா வேறு நான் வேறு என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு. "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுடி. தேசியக் கொடியவே எரிச்சிட்டாங்கன்னா பாரேன்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே தலைவர் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். நான் புத்தகப் பையோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"இன்னாம்மா, கொடியக் கொளுத்துனியாமே?"

"தெருவுல கெடந்துச்சு தலைவரே. குப்பைல போட மனசு வரல."

"எரிச்சியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"எரிச்சேன்." அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரு சொன்னா இன்னா? தேசியக் கொடிம்மா. ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொன்னேன்னு வெச்சுக்கோ, வேலயும் போயிரும், நீயும் உள்ள போயிருவ. பொட்டப் புள்ளய வெச்சிக்கினு எதுக்கு இந்தப் பேஜாரு?" குரலைத் தணித்துக்கொண்டார். "திங்கக்கெழம ஆபீசர் வராரு. நீ அந்தக் கரி மேட்டர வுட்டுடு. நானும் இத்த வுட்டுடறேன்."

 பைக் போன பிறகும் அம்மா வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே வந்து எனக்குச் சோறு போட்டாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நல்லவேளை, என் பெயர் வெளியே வரவில்லை என்று இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதிகாரி ஃபைலோடு வந்தார். பஞ்சாயத்து ஆபீஸ் எங்கள் பள்ளிக்கு எதிரே. ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும், பேச்சும் கேட்கும். கை தட்டிய நாலு பேரில் ஒருவரும் வரவில்லை. அம்மா மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

"நீங்கதான் சொன்னீங்களாம்மா? கரி எங்கிருந்து வருது?"

"தெரியாம சொல்லிட்டேன் சார். கம்பெனிக் கரி இல்ல. எங்க ஊட்டு அடுப்புக் கரிதான்."

எங்கள் வீட்டில் விறகடுப்பே கிடையாது. நான் மூன்றாவது படிக்கும்போதே கேஸ் வந்துவிட்டது. அதிகாரி எழுதிக்கொண்டு போனார். கம்பெனிக் கூண்டு அது பாட்டுக்குப் புகைந்தது. இன்றைக்கும் புகைகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ கிராம சபை வந்தது. அம்மா போவாள், கைநாட்டு வைப்பாள், மிட்டாயை எனக்குக் கொண்டுவந்து தருவாள்.

போன வருஷம், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கொடி விதிகளைப் படித்தேன். சேதமான கொடியை முழுதாக, தனியிடத்தில், மரியாதையோடு அழிக்க வேண்டும். அதற்கு எரிப்பதே நல்லது என்று போட்டிருந்தது. காகிதக் கொடியைத் தரையில் எறியக் கூடாது என்றும் இருந்தது. தெருவில் எறிந்த ஊர் முழுக்கக் குற்றவாளி. விதிப்படி நடந்தவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத ஒரே ஒருத்தி. புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன்.

ஆனால் இப்போதும் என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது அதுகூட இல்லை. நான் எட்டாவது படிக்கும்போது, அடுத்த ஆகஸ்ட் பதினாறு அன்று அம்மா மறுபடியும் ஒரு கோணிப்பையோடு வந்தாள். பின்பக்கம் போகவில்லை. நேராக நான் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, பையை என் முன்னால் வைத்தாள்.

"நீ படிக்கற புள்ள. இத்த இன்னா பண்ணணும்னு நீயே சொல்லு. அப்டியே பண்றேன்."

கோபமில்லை, குத்தலுமில்லை. சந்தேகம் கேட்கிற குரல்தான். படிப்பறிவில்லாதவள், பயந்துபோய் என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்தேன். "சார்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அந்தப் பை பரண்மேல் ஏறியது.

முந்தின வருஷம் மூன்று பக்கமும் மதிலுக்குள் அவள் தீ மூட்டியபோது பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அது எனக்கு நினைவிருந்தது. அம்மாவுக்கும் நினைவிருக்கும் என்று மட்டும் அன்று எனக்குத் தோன்றவே இல்லை.