வளர்ந்திருக்கு

குடலில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்த மறு வருடமே அது ஈரலுக்குப் போய்விட்டது. சலூன்காரரின் ஈரலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். "பயப்படாதீங்க, ஈரல் மறுபடி வளரும்" என்று டாக்டர் சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெட்ட வெட்ட வளர்வதை நம்பித்தானே முப்பது வருடமாகப் பிழைப்பு நடத்துகிறார்! நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "ஈரலும் முடி மாதிரிதாங்க. என்ன ஒண்ணு, கிருதா வைக்க முடியாது" என்று அளந்துகொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "மறுபடி வளர்ந்திருக்கு" என்றார்.

சலூன்காரர் மனைவியின் தோளைத் தட்டினார். "பார்த்தியா, நான் சொல்லலை?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் இவர்கள் எட்டு மாதமாகக் காத்துக் கிடந்தார்கள் என்பது அவருக்கு எங்கே தெரியும், பாவம்.

"ஈரல் இல்லீங்க" என்றார். "கட்டி."

ஈரக்குலை நடுங்கிப்போச்சு என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம். சலூன்காரருக்கு நிஜமாகவே நடுங்கியது. இன்னொரு தடவை வெட்டிப் பார்க்கலாம், முழுசாக எடுக்க முடிந்தால் பிழைக்க வழியுண்டு, அதை விட்டால் வேறு வழியில்லை என்றார்கள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கண் விழித்தபோது எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை. போன தடவை ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. இது மறுநாள் காலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சிஸ்டர், இன்னைக்கு வியாழக்கிழமைதானே?"

"இல்லீங்க, புதன்தான்."

மனைவியை உள்ளே விட்டார்கள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"எவ்வளவு வெட்டினாங்க?"

"ஒண்ணும் வெட்டலைங்க. திறந்து பார்த்தாங்களாம். வயிறு பூரா பரவியிருக்காம். அப்படியே தைச்சுட்டாங்க."

ஊரையே பேசிச் சிரிக்க வைத்த மனிதர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். தையல் இழுத்ததையும் பார்க்காமல் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வெட்டச் சொல்லுடி" என்றார். "போய்ச் சொல்லு, எனக்கு வலிக்காது. வெட்டச் சொல்லு."