நான்கு விரல் கத்தி

காலையில் துறைமுக வாசலில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். காவலர், ஒப்படைக்கும் கத்திகளைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னை மேசையில் காட்டி, "அக்கா நேத்து கத்தி எடுக்கல்ல" என்றார். முதல்நாள் நெஞ்சுவலி என்று நஸீரா அக்காவை வாகனத்தில் ஏற்றி மற்ற வாசலால் கொண்டுபோயிருந்தார்கள். நான் பதில் சொல்லுமுன் என் தொலைபேசி அடித்தது. விடியற்காலை மௌத்தாகிவிட்டாராம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கிண்ணியாவில் அடக்கம்.

நம் களஞ்சியப் பிரிவில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்த மடக்குக்கத்தியைத் தெரியும். காலையில் வாசலில் ஒப்படைப்பார், மாலையில் எடுத்துக்கொள்வார். உள்ளே கொண்டுவர முடியாத ஒன்றை ஏன் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்யவேண்டும்? அதைக் கேட்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

"கந்தோர் வேலைக்குக் கந்தோர்ட கத்தி இருக்கு பிள்ளை. போற வாற வழி என்ட வழி" என்றார். அந்த வழியில் மாம்பழம் அறுப்பார். பஸ்ஸில் யாருடைய பொதிக் கயிறாவது இறுகிக் கிடந்தால் வெட்டிக்கொடுப்பார்.

துருப்பிடிக்காத அலகு அவருக்குப் பிடிக்காது. படிக்கல்லில் நாலு இழுவையில் கூராகும் இரும்பு வேண்டும். பிடி மரமாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் ஈரக்கையில் வழுக்கும். அலகின் நீளம், நான்கு விரலைச் சேர்த்துவைத்த அகலம்தான். "அதுக்கு மேல போனா வாசல்ல முகம் மாறும்."

முதல் சம்பளத்தில் நானும் ஒன்று வாங்கினேன். சிவப்பு நிறம், பன்னிரண்டு கருவிகள். மாலையில் வாசலுக்கு வெளியே அக்கா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"இது கத்தியோ, அலுமாரியோ? உள்ளுக்குக் கதிரையும் கிடக்கோ எண்டு பார்."

கூட வந்த பிரிவே சிரித்தது. பிறகு மெதுவாக, "நகம் உடையாமத் திறக்க ஏலுமோ?" என்றார். ஏற்கெனவே உடைந்திருந்த நகத்தை மறைத்துக்கொண்டு, "ஓம்" என்றேன்.

கத்தியை அவர் கைக்குக் கை கொடுத்ததில்லை. காவலர் கை நீட்டினாலும் மேசையில் வைத்துவிட்டுத்தான் கையை எடுப்பார். கைமாற்றிக் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். "நம்புறீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியா. ஆனா வச்சு எடுக்கக்குள்ள ஒரு கணம் ரெண்டு பேருக்கும் வெறுங்கை. அது நல்லம்தானே."

ஒரு கிழமைக்குப் பிறகு அவருடைய மகள் அழைத்தார். "உம்மாட கத்தி வாசல்ல கிடக்காம். எடுத்துத் தருவீங்களோ?" யாரும் கேட்காத பொருட்களை மாதமுடிவில் அகற்றிவிடுவார்கள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போவேனே தவிர, நான் வாய் திறந்ததில்லை. இரண்டு நாள் டின்னைப் பார்த்துக்கொண்டே கடந்துபோனேன். மூன்றாம் நாள் நின்றேன்.

"வேற ஆள்ட சாமான் குடுக்க ஏலாது மிஸ்" என்றார் காவலர். மகளின் எண்ணை அழைத்துத் தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு டின்னைத் திறந்தார். ஏழு கத்திகள் கிடந்தன. "எது?"

"மரப்பிடி. ஒரு அலகு. இரும்பு, நுனியில கொஞ்சம் துரு இருக்கும்" என்றேன். நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினேன். "இவ்வளவுதான்."

அவர் ஒன்றை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

கத்தி இப்போது கிண்ணியாவில் மகளிடம் இருக்கிறது. நான் சிவப்புக் கத்தியை வீட்டில் விட்டுவிட்டு, நான்கு விரலை வைத்து அளந்து வேறொன்று வாங்கினேன். மரப்பிடிதான், ஆனால் அலகு துருப்பிடிக்காதது. அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். காலையில் அதை வாசல் மேசையில் வைத்து, கையை எடுக்கிறேன். அந்த வெறுங்கைக் கணம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது.