கொன்னுபோடுவனுங்க

மரியாதையாகக் கொலை செய்யப் பார்த்த முட்டாள், இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. முகமெல்லாம் லேத் பட்டறை கிரீஸ். அந்தக் காட்டமான வாசம் இன்றைக்கும் மூக்கை விட்டுப் போகவில்லை.

பள்ளி ஆண்டுவிழாக் குறும்படப் போட்டிக்காக, கணபதி ஏரியாவில் இருந்த எங்கள் தங்கவேல் மாமாவின் பட்டறையில், அக்காவின் செல்போனில், நானே எழுதி இயக்கி நடித்த திகில் படம் அது. பட்டறையில் தனியாக மாட்டிக்கொள்ளும் முதலாளி, மாமா. கொல்ல வருகிறவன், நான். என் திறமையில் ஒரு துளியும் வீணாகக் கூடாதென்று எல்லா டியூப்லைட்டையும் போட்டு, தலைமுதல் கால்வரை நான் தெரிகிற மாதிரி எடுக்கவைத்து, ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு வசனம் பேசினேன்: "அசையாதீங்க மாமா. அசைஞ்சீங்கன்னா கொன்னுபோடுவனுங்க."

மாமாவிடம் ‘ங்க’ போடாமல் பேசினால் எங்கள் வீட்டில் சோறு கிடைக்காது. கொலைகாரனுக்கும் அதே சட்டம்தான். தெருப்பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டியபோது சிரித்துச் சிரித்து ஒருவன் பெஞ்சிலிருந்தே விழுந்தான். மறுநாளிலிருந்து வகுப்பில் என் பெயர் ‘கொன்னுபோடுவனுங்க’. ஆண்டுவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அங்கேயும் சிரித்துவிட்டால் பிளஸ் டூ முடிகிறவரை அந்தப் பெயர்தான்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா காமிராவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீ பேசக்கூடாது கண்ணு, தெரியவும் கூடாது. மத்தத நான் பாத்துக்கறேன்."

"குரைக்கிற நாய் கடிக்காது மாப்ளே" என்று மாமாவும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் போன நேரமாகப் பார்த்து, ஷட்டரை ஒரு சாண் மட்டும் விட்டு இறக்கினாள். அந்த இடுக்கு வழியே வெயில் தரையில் ஒரு கோடாக விழுந்தது. போனைத் தரையோடு தரையாக வைத்தாள். வெளியே என் இரண்டு கால்கள் வந்து அந்தக் கோட்டை மறைத்து நிற்க வேண்டும். என் நடிப்பு மொத்தமும் அவ்வளவுதான். மாமாவின் முகத்துக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்து, பாதியை இருட்டில் விட்டாள். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கால்கள், மாமாவின் கண், ஷட்டரின் பிடி என்று முதலில் நிதானமாகவும், போகப்போக ஒவ்வொன்றையும் குறுக்கிக்குறுக்கியும் ஒட்டிக்கொண்டே போனவள், கடைசியில், ஷட்டர் ஏறுவதற்கு முன்னால், அசையாத ஷட்டரை மட்டும் நெடுநேரம் அப்படியே விட்டுவிட்டாள், பார்க்கிறவன் ‘அட, தொறந்து தொலைடா’ என்று கெஞ்சுகிற அளவுக்கு.

விழா மேடையில் என் பெயரை வாசித்ததும் பின்வரிசை முழுக்க ‘கொன்னுபோடுவனுங்க’ என்று கத்தியது. கால்கள் வந்து நின்றதும் கத்தல் நின்றது. அந்த அசையாத ஷட்டர் வந்தபோது மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஷட்டர் ‘கடகட’வென்று மேலே ஏறியதுதான் தாமதம், பள்ளியையே ஆட்டிவைத்த பி.டி. வாத்தியாரின் வாயிலிருந்த விசில் தானாக ஊதிவிட்டது. அரங்கமே அலறியது. முதல் பரிசு எங்களுக்குத்தான்.

இன்றைக்கு அந்தப் பட்டறை ஒரு செல்போன் கடை. கண்ணாடிக் கதவு, நிழல் விழக்கூட இடமில்லாத வெளிச்சம். அங்கே யாரையும் பயமுறுத்த முடியாது. போன வாரம் அந்தப் பழைய படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அக்காவுக்கு போன் செய்து, இத்தனை வருஷம் கழித்தும் உடம்பு சிலிர்க்கிறதென்றால் என் நடிப்பு அப்படி என்று பீற்றிக்கொண்டேன்.

"உன்ற மூஞ்சி தெரியல, அதான்" என்றாள்.