மூன்றாம் நம்பர் போரிங் செக்‌ஷன்

தீர்த்தகிரி அணை வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக்குக் குறுக்கே அணை எழும்பத் தொடங்கியிருந்த காலம். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் கலவை சுமக்கிறவர்களுக்கு மேஸ்திரியாகப் போட்டார்கள். தண்ணீர் எதுவரை நிற்கும் என்று காட்ட, அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் எல்லைக் கல் நட்டார்கள். ஆலம்பள்ளியில் அவனுடைய சொந்த நிலத்தில் நட்ட கல்லைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். கல் நிற்கும்வரை பிடித்திருந்தான். அப்புறம் அடுத்த நிலத்துக்குப் போனான்.

வீட்டில் அவனும் மனைவி ரங்கம்மாவும், அப்பா மாதப்பனும், சின்னத்தாத்தா சென்றாயனும் இருந்தார்கள். சென்றாயன் மாதப்பனுக்குச் சித்தப்பா. அதோடு மாதப்பனுடைய அம்மாவின் இரண்டாவது புருஷனும் அவர்தான். மாதப்பனுடைய அப்பா நாராயணப்பன் முதல் உலகச் சண்டையின்போது இராணுவத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போய் அங்கேயே செத்துப்போனார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிங்காரப்பேட்டைக்கு லீவில் வந்த ஒரு சிப்பாய் செய்தி சொன்னான்: அந்தக் கூட்டமே வாந்திபேதியில் போய்விட்டதாம். காரியம் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் பேசி, விதவையாக நின்ற வெங்கடம்மாளைக் கொழுந்தன் சென்றாயனுக்கே கட்டிவைத்தார்கள். அந்தச் சாதியில் அது வழக்கம்தான். அவர்களுக்கு ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, உத்தனப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். வெங்கடம்மாளும் எட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் தோண்ட யாருக்கும் தேவையிருக்கவில்லை. நிலத்துக்குப் பதில் நிலம் கொடுக்கிற அலுவலகத்தில் 1956 தை மாதம் பட்டாவைப் பார்த்தார்கள். அது இன்னும் நாராயணப்பன் பேரிலேயே இருந்தது.

"ஆளு எப்ப செத்தாரு?" என்று கேட்டார் தாசில்தார்.

"சண்டையிலங்க. பதினெட்டாம் வருசம்" என்றார் மாதப்பன்.

"அதுக்கு ஒரு காகிதம் வேணுமே. ராணுவத்துலருந்து எதாவது வந்துச்சா?"

ஒன்றும் வந்திருக்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கடிதம். பஸ்ராவிலிருந்து யாரையோ எழுதச் சொல்லி நாராயணப்பன் அனுப்பியது. சௌக்கியம், மாட்டுக்குத் தீனி போடவும், மாதப்பனை வெயிலில் விடவேண்டாம், அவ்வளவுதான் அதில் இருந்தது. கீழே விலாசம்: மூன்றாம் நம்பர் போரிங் செக்‌ஷன்.

மேஸ்திரி வேலையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுத் தீர்த்தகிரி பெங்களூருக்குப் பஸ் ஏறினான். இராணுவத்தின் பழைய காகிதங்கள் இருந்த ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். பாலம் போட்டவர்களுக்குப் பட்டியல் இருந்தது. ரயில் தண்டவாளம் போட்டவர்களுக்கு இருந்தது. கோவேறு கழுதை ஓட்டினவர்களுக்குக்கூட இருந்தது. போரிங் செக்‌ஷன் என்று ஒன்றை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அப்படி ஒரு படையே கெடையாதுப்பா. எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார் ஒரு குமாஸ்தா.

தீர்த்தகிரி வாக்குவாதம் செய்யவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் இன்னொரு குமாஸ்தா, மெஹபூப் பாஷா என்பவர், அவனைப் பார்த்துவிட்டு வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். மத்தியானம் வரை உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருந்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது.

"தம்பி, இவங்க சண்டை போட்டவங்க இல்ல. பாலைவனத்துல பட்டாளத்துக்குக் குடிக்கத் தண்ணி தேடி ஆழ்துளை போட்டவங்க. மொத்தமே நாப்பது பேரு. எந்தப் படையோடயும் சேர்த்தி இல்ல, அங்க இங்க ஒட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. அதான் ஆப்புடல" என்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "ஆனா உங்க தாத்தா சாகலையேப்பா."

தீர்த்தகிரி எட்டிப் பார்த்தான். இங்கிலீஷில் எழுதியிருந்தது. பாஷா படித்துச் சொன்னார். நாராயணப்பன், சேலம் ஜில்லா, கிணறு வெட்டுபவர். 1920 ஜனவரி மாதம் பெங்களூரில் விடுவிக்கப்பட்டார். உடல்நிலை நன்று.

"அதே தேதியில இன்னொருத்தரும் வெளிய வந்திருக்காரு. கோவிந்தப்பன்னு, தளிக்காரரு. உசுரோட இருந்தா போய்க் கேளுங்க."

பாஷா நகல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். தீர்த்தகிரி அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஓர் ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டான். பெங்களூரிலிருந்து ஓசூர் இருபத்தைந்து மைல். ஓசூரிலிருந்து ஆலம்பள்ளி ஒரு நாள் வண்டிப் பயணம். தாத்தா நல்ல உடல்நிலையோடு இங்கே நின்றிருக்கிறார். இதைப் பற்றி ஏதாவது தோன்றவேண்டும் என்று அவன் எதிர்பார்த்தான். தோன்றியதெல்லாம், திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்பதுதான். எல்லைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ்காரர்கள் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அவன் சட்டையைத் தடவின ஒருவர், "என்னா காயிதம்?" என்றார்.

"தாத்தாவோடதுங்க" என்றான்.

மறுநாள் காலை ஓசூரிலிருந்து தளி பஸ்ஸில் போனான். மாசி மாதமாகியும் அங்கே குளிர் விட்டிருக்கவில்லை. கோவிந்தப்பனைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ் நின்ற இடத்திலேயே, "பஸ்ரா கோவிந்தப்பனா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். அவர் முள்ளங்கி வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். காது சரியாகக் கேட்கவில்லை. தீர்த்தகிரி தாத்தா பெயரை மூன்று முறை கத்தவேண்டியிருந்தது. மூன்றாவது முறை அவர் கையிலிருந்த களையைக் கீழே போட்டார்.

"பா, கூத்கோ" என்று கன்னடத்தில் சொல்லி, வரப்பில் தனக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். அவன் உட்கார்ந்ததும் தமிழுக்கு மாறினார். "நீ யாரு அவனுக்கு?"

"பேரன்."

"பேரனா? அவனுக்கு ஒரு பையன் இருந்தான், மாதப்பன்னு."

"அவருதான் எங்க அப்பா."

கோவிந்தப்பன் தலையை ஆட்டினார். கேட்காமலே சொல்லத் தொடங்கினார். மூன்று மரத்தைச் சேர்த்துக் கட்டி நிறுத்தி, கயிற்றில் இரும்பு உளியை மாட்டித் தூக்கித் தூக்கிப் போடுவார்களாம். ஒரு நாளைக்கு இரண்டு ஆள் ஆழம் இறங்கும். குழாயை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். தண்ணீர் வரும், வாயில் வைத்தால் உப்பு. குழாயைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள்.

"மூணு வருசத்துல ரெண்டே எடத்துல நல்ல தண்ணி கண்டோம். சண்டைய நான் கண்ணால பாக்கல. பாதிப் பேரு பேதியில போனாங்க. எழுதத் தெரிஞ்சவனும் போயிட்டான். அப்புறம் காயிதம் போட ஆளில்ல."

"வெளிய வந்தப்புறம் அவரு எங்க போனாரு?"

"ஊருக்குத்தான். ஓசூர் வரைக்கும் ஒண்ணா வந்தோம். புள்ளைக்கு ஒரு கம்பிளி வாங்கினான். அவன் அந்தப் பக்கம் போனான், நான் இந்தப் பக்கம் வந்தேன். மூணாம் நாளு பாத்தா எங்க வீட்டு வாசல்ல நிக்கிறான். என்னாடா இதுன்னேன். 'ஊர்ல எனக்குக் காரியம் பண்ணிட்டாங்க'ன்னான். அவ்ளோதான். அதுக்கு மேல நான் கேக்கல, அவனும் சொல்லல."

நாராயணப்பன் தளியிலேயே பதினொரு வருஷம் இருந்தார். சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டினார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1931-இல் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் இறந்தார். கோவிந்தப்பன்தான் புதைத்தார். எங்கே என்று தீர்த்தகிரி கேட்டான். அவர் வயலுக்கு அப்பால் ஒரு மேட்டைக் காட்டினார். அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தீர்த்தகிரி போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். கிராமக் கணக்குப்பிள்ளையிடம் இறப்புப் பதிவின் நகல் கிடைத்தது. "நாராயணப்பன், கிணறு வெட்டுபவர், பூர்வீகம் தெரியாது" என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். மாதப்பன் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு பஸ்ராவுல சாகலப்பா. தளியில செத்திருக்காரு. முப்பத்தொண்ணுல."

"தளியிலயா?"

"ஆமா."

"இங்க வரவே இல்லியா?"

"தெரியலப்பா" என்றான் தீர்த்தகிரி. கம்பளியைப் பற்றி அவன் சொல்லவில்லை.

மாதப்பன் தொட்டியைச் சாய்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டினார். சென்றாயன் கூடம் பெருக்குகிற சத்தம் உள்ளே கேட்டது. அவருக்கு அறுபத்து மூன்று வயது. சும்மா உட்காரமாட்டார்.

பங்குனியில் மூன்று பேரும் தாசில்தார் அலுவலகத்துக்குப் போனார்கள். சென்றாயனுடைய வாக்குமூலமும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தாசில்தார் இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இருவதாம் வருசம் பெங்களூர்ல ஒரு நாராயணப்பன் வெளிய வர்றாரு. முப்பத்தொண்ணுல தளியில ஒரு நாராயணப்பன் சாவுறாரு. ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் எப்பிடி எழுதறது? இதுல பூர்வீகம் தெரியாதுன்னு இருக்கே. தளிக்காரரு ஒருத்தரு சொன்னா மட்டும் பத்தாது." அவர் சென்றாயன் பக்கம் திரும்பினார். "நீங்க தம்பிதானே? அண்ணனைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"இருவதாம் வருசங்க. தை மாசம்" என்றார் சென்றாயன்.

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்தார்.

"எங்க பாத்தீங்க?"

"எங்க களத்து மேட்டுல. ராகிப் போரு பிரிச்சுக்கிட்டு இருந்தேன். காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. வீட்ல எங்களுக்கு மூணு மாசக் கைக்குழந்தை. 'அண்ணே, உனக்குக் காரியம் பண்ணிட்டோம். அவள எனக்குக் கட்டி வெச்சுட்டாங்க. நீ இப்ப உள்ள வந்தா மூணு பேரும் என்ன பண்றது'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் குந்தியிருந்தாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். தளியில ஒரு சினேகிதன் இருக்கான், அங்க போறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"இத ஏன்யா இத்தன வருசமா சொல்லல?"

"யாரும் கேக்கலீங்க."

தாசில்தார் மாதப்பனைப் பார்த்தார். மாதப்பன் சுவரில் தொங்கிய ஜில்லா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். சென்றாயன் கைநாட்டு வைத்தார். மை ஒட்டிய விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றவருக்குத் தீர்த்தகிரி ஒரு பழைய காகிதத்தைக் கொடுத்தான். இனி ஒரே ஆள்தான் என்று எழுதத் தடையில்லை, வேலை முடிந்தது என்றார் தாசில்தார்.

பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. மூன்று பேரும் புளியமரத்தடியில் நின்றார்கள். மாதப்பன் கேட்டார்.

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு" என்றார் சென்றாயன். "மாடு ஓட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிருக்கான்னு சொன்னேன். அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னாரு."

"எவ்ளோ நேரம்?"

"தெரியலப்பா. நான் போரு பிரிக்கப் போயிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

 தீர்த்தகிரி அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்னத்தாத்தாவை அப்பா அடிக்கப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்தான். அப்படி நடந்தால் தான் யாரைப் பிடிப்பது என்றும் யோசித்தான். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் வந்தது. ஒரு சீட்டில் இரண்டு பெரியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள், வேறு இடம் இல்லாததால்.

நடந்ததைத் தீர்த்தகிரி ரங்கம்மாவிடம் மட்டும் சொன்னான். கம்பளியையும் சேர்த்துச் சொன்னான். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "உங்களுக்கு அழுகையே வரலியா?" என்று கேட்டாள்.

"வரல" என்றான். உண்மையாகவே வரவில்லை. அவன் காத்திருந்து பார்த்தான்.

மாதப்பன் சித்தப்பாவோடு பேச்சை நிறுத்தவில்லை. மாடு, மழை, உரம் பற்றி முன்போலவே பேசினார். முன்பு எவ்வளவு பேசினாரோ அதைவிடக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்தபோது ஒருவர் வந்து, உயிரோடு இருந்தவருக்குச் செய்த காரியம் செல்லாது, இப்போது முறையாக ஒன்று செய்துவிட வேண்டும் என்றார்.

"ஒரு தடவ செஞ்சது போதும்" என்றார் மாதப்பன்.

தளிக்குப் போய்வரலாம் என்று தீர்த்தகிரி இரண்டு முறை கூப்பிட்டான். முதல் முறை அறுவடை இருக்கிறது என்றார். இரண்டாம் முறை மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்.

பட்டா மாறியது. ராயக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலம் கொடுத்தார்கள். 1957-இல் கூரை ஓடுகளையும் மரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குடிபோனார்கள். தண்ணீர் ஏறி ஆலம்பள்ளி முழுகிய நாளில் தீர்த்தகிரிக்கு அணையில் பகல் வேலை. அங்கிருந்து ஊர் தெரியாது. தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டார்கள், பார்த்துச் சொன்னான். கட்டி முடித்தபின் அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

சென்றாயன் 1959 ஐப்பசியில் இறந்தார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி யார் வைப்பது என்று ஊரார் தயங்கி நின்றபோது, மாதப்பன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டார். எல்லாம் முறைப்படி செய்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் மகனிடம், "நாளைக்கு வெள்ளன எந்திரிக்கணும், கொள்ளு வெதைக்கணும்" என்றார்.

"சரிப்பா" என்றான் தீர்த்தகிரி.