தார்ப்பாய்க்குள் நின்ற சிப்பாய்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் தாம்பரத்தில் ஒரு முச்சந்தியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் சேர்ந்திருந்த ஒரு காலாட்படைப் பிரிவு உண்டு. அதில் உயிரிழந்தவர்களின் நினைவாக என் கடைக்கு எதிரே ஒரு போர்வீரர் சிலை வைத்தார்கள். சிலையைப் பீடத்தில் ஏற்றியாயிற்று. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதரின் தேதிதான் கிடைக்கவில்லை. நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி, ஒரு வாட்ச்மேனைக் காவலுக்குப் போட்டுவிட்டுப் போனவர்கள்தான், மழைக்காலம் முடியும்வரை எட்டிப் பார்க்கவில்லை. அந்த வருஷம் தாம்பரத்தில் நனையாத ஒரே ஆள் இந்தச் சிப்பாய்தான் என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒருநாள் மதியம் மீன் விற்கிற அம்மா ஒருவர் காலிக் கூடையை என் கடை வாசலில் இறக்கி வைத்தார். கோவளம் பக்கம் கடலோரக் குப்பமாம். கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூ. நேரே வாட்ச்மேனிடம் போய், சிலையைக் காட்டச் சொன்னார். அவருடைய கணவர் அந்தப் படையில் இருந்து இறந்தவர். அன்றைக்கு அவருக்குத் தெவசம்.

"இன்னாம்மா நீ! பெரியவரு வந்துதான் தொறக்கணும். நான் அவுத்தா என் வேல பூடும்" என்றார் வாட்ச்மேன்.

அவர் சொன்னதும் நியாயம்தான். "விழா முடிஞ்சதும் வந்து பாருங்கம்மா" என்று நானும் என் பங்குக்குச் சமாதானம் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"பனிமலைல பூட்டாரு எங்க வூட்டுக்காரு. பொட்டி வந்துச்சு. பாக்குற மாதிரி இல்ல, தொறக்காதீங்கன்ட்டாங்க. மூஞ்சியக்கூட பாக்காம பொதைச்சேன். இப்ப இதையும் மூடிவெச்சிகினு தொறக்கக்கூடாதுன்றீங்களே!"

வாட்ச்மேன் என் கடை ஸ்டூலை எடுத்துப் போய்ப் பீடத்தோரம் போட்டு ஏறினார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். தார்ப்பாய் இடுப்பளவு இறங்கியது. தலையைக் குனிந்து, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி நின்றான் அந்தச் சிப்பாய்.

அவர் இறங்கியதும் அந்த அம்மா ஏறினார். நான் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கதறிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் அழவில்லை. அந்த முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரு மாதிரி இல்ல" என்றார். பிறகு முந்தானையால் அதன் கன்னத்தில் இருந்த சிமென்ட் தூசியைத் துடைத்தார். "இருக்கட்டும். யாரு பெத்த புள்ளையோ."

இறங்கி, பூவைப் பீடத்தின் அடியில் வைத்தார். "கட்டிடுங்கண்ணா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாட்ச்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கயிற்றைக் கட்டினார். நானும் அழுதேன்.

ஷாமியானா, பேண்டு வாத்தியம் என்று பிறகு விழா தடபுடலாகத்தான் நடந்தது. திறந்து வைத்தவர் பெயரைக் கல்வெட்டில் பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன். ஆனால் அந்தச் சிலையைத் திறந்து வைத்தது யார் என்று என்னைக் கேட்டால், நான் பெயர்கூடக் கேட்டு வைக்காத அந்த மீன்கார அம்மாவைத்தான் சொல்வேன்.