சவுரியப்பன் உரித்த பக்கு

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சவுரியப்பன் காயத்துக்குக் கட்டுப்போடும் கடை வைத்திருந்தார். கடை என்பது என் வார்த்தை. அவர் கிளினிக் என்பார். தருமபுரியில் ஒரு டாக்டரிடம் சில காலம் பாட்டில் கழுவியவருக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் திடீரென்று வெள்ளைப் பேண்ட் முளைத்தது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் முளைத்தது. அதை அவர் யார் நெஞ்சிலும் வைத்து நான் பார்த்ததில்லை.

அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். காயத்தின்மேல் காய்ந்திருக்கும் பக்கை இடுக்கியால் பிய்ப்பார். பிய்த்ததைப் பீங்கான் தட்டில் போட்டு, பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் நீட்டுவார்.

“பாத்துக்குங்க, கெட்ட ரத்தம். இத வுட்டா காலே அழுவிப் பூடும்.”

பெஞ்சு முழுவதும் உச்சுக் கொட்டும். எங்கள் சனங்களும் லேசுப்பட்டவர்களல்ல. அலற வைக்காத வைத்தியத்தை அவர்கள் வைத்தியமாகவே மதிக்க மாட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் அஸ்கரி பேகம் ஒருமுறை அவரைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்று ஒரு புரதம் கரைந்து கிடக்கிறது. வெட்டுப்பட்டதும் அது நூல் நூலாகத் திரிந்து வலை கட்டுகிறது. அந்த வலை ரத்தத்தை நிறுத்துவதோடு வேலையை முடித்துக்கொள்வதில்லை. வெள்ளை அணுக்களைத் தூண்டுகிறது. அவை வலையைப் பிடித்து ஏறிவந்து கிருமியைத் தின்கின்றன. காயம் சிவந்து, சூடாகி, வீங்குவது அந்த வேலையால்தான். வேலை முடிந்தால் வலை தானாகக் கரையும், வீக்கமும் வடியும். தினமும் பிய்த்தால் தினமும் புது ரத்தம், புது வலை, மறுபடி அணுக்கள், மறுபடி வீக்கம். ஆறுவதற்கு நேரம் ஏது?

“சீழ் இருந்தா எடுங்க. பக்கை வுட்டுடுங்க” என்றார் டாக்டர்.

சவுரியப்பன் கடைக்கு வந்து பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். “அந்தம்மா புஸ்தகத்துல படிச்சது. நான் ரத்தத்துல படிச்சவன்.” அவர் எதிலுமே படித்தவரல்ல என்பது பெஞ்சுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெஞ்சில் வந்து சிக்கியவள் முனியம்மாள். மாரண்டஹள்ளிப் பக்கத்துக்காரி, கரும்பு வெட்டும் கூலிக்காரி. கத்தி நழுவி முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டது. வெட்டு ஆழமில்லை, சீழும் இல்லை. ஆனால் சவுரியப்பன் கைபட்ட பிறகு கால் பூசணிக்காயாக வீங்கியது. ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி பச்சியப்பன் கறாராகச் சொல்லிவிட்டான்: “வர்ற சந்தை நாளுக்குள்ள நடந்து வந்தா வா. இல்லன்னா உன் எடத்துக்கு வேற ஆளு.” அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

“வீக்கம் இன்னும் ஏறுதுங்களே சார்?”

“கெட்ட ரத்தம் ஆழத்துல கெடக்குது. தோண்டிக்கிட்டே இருக்கணும்.”

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினாள். அன்று தட்டை நீட்டிக் காட்டிவிட்டு அவர் குனிந்தபோது பேண்ட் மேலே ஏறியது. அவர் முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு சிராய்ப்பு. மொபெட்டை உதைத்துக் கிளப்பும்போது பட்டதாம். அதன்மேல் கறுப்பாக, காய்ந்து, ஓரம் கூடப் பெயராத பக்கு. சுற்றி வீக்கமே இல்லை.

முனியம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தட்டில் கிடந்த இடுக்கியை எடுத்தாள்.

“சார், உங்களுக்கும் கெட்ட ரத்தம் இருக்குதுங்க. காட்டுங்க, எடுத்துடறேன்.”

இடுக்கி தொடவே இல்லை. அதற்குள் ரத்தத்தில் படித்த மேதை ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து சுவரில் மோதிக்கொண்டார். “ஏய், தொடாத! வலிக்கும்டீ!”

பெஞ்சில் யாரும் உச்சுக் கொட்டவில்லை.

அவள் இடுக்கியைத் தட்டில் வைத்தாள். தன் காலைத் தானே துணியால் மூடிக்கொண்டு எழுந்தாள்.

நேரே டாக்டரம்மாவிடம் போனாள். அவர் கழுவி, மருந்து வைத்து மூடினார். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. சந்தையன்று லேசாக நொண்டிக்கொண்டே கரும்பு லாரியில் ஏறிவிட்டாள்.

லாரி கடையைத் தாண்டியபோது சவுரியப்பன் வாசலில் நின்றிருந்தார். உள்ளே புதிதாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெட்கமே இல்லாத மனுஷன், லாரியைக் கைகாட்டினார்.

“பாத்தீங்களா, நம்ம கைராசி. அந்தப் பொம்பள கால நாந்தான் ஆத்துனேன்.”

முனியம்மாள் லாரி மேலிருந்தே கத்தினாள்: “சார், உங்க பக்கு உதுந்துடுச்சுங்களா? இல்ல நான் எறங்கி வந்து எடுக்கட்டுமா?”

சவுரியப்பனின் கை தானாகக் கீழே போய்ப் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டது. அந்த இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.