தவக்காலத்தில் அடித்த மேளம்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில், மேளக்காரர் ஒருவரின் பையிலிருந்து தீயில் காய்ச்சிய தோலின் வாசனை வந்ததும், மொரப்பூர் தண்டவாளத்தோரம் இருந்த எங்கள் பன்னிரண்டு ஓட்டு வீடுகளும், ரயில் போகும்போதெல்லாம் கிணுகிணுக்கும் பாத்திரங்களும், பக்கத்து வீட்டு டெய்லர் பஷீர் மாமாவின் மெஷின் சத்தமும் திரும்ப வந்துவிட்டன.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நாற்பது நாளும் மேளம் தொடக் கூடாது என்று, மாதா கோயிலில் பாடும் அம்மா தன் டோலக்கைப் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடுவாள். ஒரு வருடம், ரயில்வே நிலமென்று வீடுகளை இடிக்க ஜேசிபி வந்த காலையில், அதைக் கீழே இறக்கினாள்.

"தபசு காலமாச்சேக்கா?" என்றார் மாமா.

"வூட்டையே இடிக்க வந்துட்டாங்க, வாயயும் மூடிக்கணுமா? உங்க தப்ஸ எடுத்துட்டு வாங்க."

கடையிலிருந்த வெட்டுத்துணிகளைக் கொளுத்தி, கல்யாணங்களில் தட்டும் தன் தப்ஸின் தோலை அவர் காய்ச்சினார். அம்மா பாட்டை எடுத்துக்கொடுக்க, பன்னிரண்டு வீட்டுச் சனமும் தொண்டை கிழியப் பாடியது. ஜேசிபி டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, பாட்டு முடியும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். பிறகு இடித்தார்.

அந்த டோலக் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் அடிக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் மற்ற பாவங்களையெல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொல்ல மாட்டேன்.